கால யந்திரமும் கட்டை விரல் ரேகையும்

‘நடந்தது நடந்துவிட்டது, இனி அதைப் பேசி என்ன?’ என்று துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் சொல்வதுண்டு. கேட்கிறவர்களும் தலையை ஆட்டுவார்கள். ஆனால் உள்ளுக்குள் அவர்கள் மனம் வேறு கணக்குப் போட்டுக் கொண்டிருக்கும். அரை நாழிகை முன்னால் போயிருந்தால்? அந்த வண்டியைத் தவற விட்டிருந்தால்? வாசலில் ஒரு நிமிஷம் நிறுத்தி ஒரு வார்த்தை பேசியிருந்தால்? மனிதன் கற்பனை செய்த யந்திரங்களிலேயே மிகப் பழையது கால யந்திரந்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. அதற்குச் சக்கரமும் விசையும் பூட்டியது மட்டும் பின்னால் வந்த கதாசிரியர்களின் வேலை.

மதுரையில் ஒரு பெண் சிலம்பை உடைத்த கதை நமக்குத் தெரியும். அரசியின் சிலம்பில் முத்து. அவள் சிலம்பில் மாணிக்கம். துப்பறியும் சாஸ்திரப்படி அதைவிடத் தெளிவான தடயம் எந்த வழக்கிலும் கிடைக்காது. ஆனால் சாட்சியம் சபைக்கு வந்தபோது தண்டனை நிறைவேறி முடிந்திருந்தது. பாண்டியன் சிங்காசனத்திலிருந்து சாய்ந்ததற்குக் காரணம், உண்மை தெரியாமல் போனதல்ல; உண்மை ஒரு பொழுது தாமதித்துத் தெரிந்தது. காலத்தை ஒரு பகல் பின்னால் தள்ளக் கூடுமானால் அவன் தன் நாட்டையே விலையாகக் கொடுத்திருப்பான்.

இந்த ஏக்கத்தை முதலாகப் போட்டு நடத்தும் சினிமாப் படங்கள் உலகத்தில் இன்று எத்தனையோ. காலத்தில் முன்னும் பின்னும் போகும் யந்திரம் ஒன்று, கண்டுபிடிக்க வேண்டிய குற்றவாளி ஒருவன், துரத்துகிறவர் ஒருவர். இந்த வகையில் என் மனத்தில் தங்கிவிட்ட படம், 1979-ம் வருஷம் அமெரிக்காவில் வெளியான ‘டைம் ஆஃப்டர் டைம்’. நிக்கலஸ் மேயர் என்பவர் டைரக்ட் செய்தது. அந்தப் படத்தின் அடித்தளத்தில் நிஜமான ஓர் ஊரும், நிஜமான ஒரு வழக்கும் இருக்கின்றன. படத்தைப் பார்த்துவிட்டுச் சரித்திரத்தைப் புரட்டினால் சரித்திரம் படத்தைவிட விந்தையாக இருக்கிறது.

முதலில் படத்தின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1893-ம் வருஷத்து லண்டன். ‘கால யந்திரம்’ என்னும் நாவலை எழுதிய எச். ஜி. வெல்ஸ், படத்தில் அந்த யந்திரத்தை நிஜமாகவே செய்து நிலவறையில் வைத்திருக்கிறார். நண்பர்களை விருந்துக்கு அழைத்துக் காட்டுகிறார். விருந்தாளிகளில் ஒருவர் ஸ்டீவன்ஸன் என்ற சர்ஜன். விருந்து நடக்கும்போதே போலீஸார் கதவைத் தட்டுகிறார்கள். அன்றிரவு ஒரு பெண் கொலையுண்டிருக்கிறாள். ஐந்து வருஷத்துக்கு முன்னால் லண்டனை நடுங்க வைத்த அதே கைவேலை. சர்ஜனின் பையில் ரத்தக் கறை இருக்கிறது, சர்ஜனைக் காணோம்! அவனோடு யந்திரமும் போய்விட்டது.

யந்திரம் மட்டும் திரும்பி வருகிறது. வெல்ஸுக்குத் தாள முடியாத வேதனை. வருங்காலத்தைச் சண்டையும் பசியும் இல்லாத பொன்னுலகமாகக் கனவு கண்டவர் அவர். அந்தப் பொன்னுலகத்தில் ஒரு கொலைகாரனைத் தாமே அவிழ்த்து விட்டுவிட்டோமே என்று அவனைத் துரத்திக்கொண்டு புறப்படுகிறார். போய் இறங்குகிற இடம் 1979-ம் வருஷத்து ஸான்பிரான்ஸிஸ்கோ. அங்கே ஒரு பொருட்காட்சியில் அவருடைய யந்திரத்தையே காட்சிப் பொருளாக வைத்திருக்கிறார்கள்!

அந்த ஊரின் ஹோட்டல் அறை ஒன்றில் இருவரும் சந்திக்கும் கட்டந்தான் படத்தின் உயிர். கொலைகாரன் டெலிவிஷன் பெட்டியைத் திருகிக் காட்டுகிறான். ஒரு நிலையத்தில் யுத்தம், இன்னொன்றில் வெடிகுண்டு, அடுத்ததில் கொலை. ‘உன் காலத்தில் நான் பூதம், இந்தக் காலத்தில் வெறும் கற்றுக்குட்டி’ என்ற கருத்தில் பேசுகிறான். பொன்னுலகத்தைத் தேடி வந்தவர் வாயடைத்து நிற்கிறார். வருங்காலத்தில் அந்நியர் யார், உள்ளூர்க்காரர் யார் என்பதை அந்த ஒரு காட்சி தீர்த்து வைத்துவிடுகிறது.

வேடிக்கையும் உண்டு. போலீஸ் அதிகாரி பெயர் கேட்கும்போது வெல்ஸ் ‘ஷெர்லக் ஹோம்ஸ்’ என்று சொல்லி வைக்கிறார். எண்பத்தாறு வருஷம் கழித்து ஒரு கதைப் பாத்திரத்தின் பெயர் யாருக்கு ஞாபகமிருக்கப் போகிறது என்ற நம்பிக்கை! அதற்கப்புறம் போலீஸார் அவர் சொல்லும் எதை நம்புவார்கள்?

இனிச் சரித்திரத்துக்கு வருவோம். நிஜ வெல்ஸ் 1893-ல் விருந்து வைக்கும் நிலையில் இல்லை. பாடம் சொல்லிக் கொடுத்துப் பிழைத்துக் கொண்டிருந்தார். அந்த வருஷம் நுரையீரலிலிருந்து ரத்தம் கண்டு படுத்தார். உடம்பு இடம் கொடாததால் பேனாவையே நம்பி வாழத் தலைப்பட்டார். படத்தில் அவருக்குக் காதலியாகும் பாங்கி உத்தியோகஸ்தியின் பெயர் ஏமி ராபின்ஸ். 1895-ல் வெல்ஸ் இரண்டாம் தாரமாக மணந்துகொண்ட மாணவியின் பெயரும் அதேதான்.

ஆனால் கால யந்திரம் வெல்ஸின் தலைக்குள் ஓட ஆரம்பித்தது இன்னும் முன்னால், 1888-ம் வருஷத்தில். அப்போது அவருக்கு வயது இருபத்தொன்று. தாம் படித்த லண்டன் விஞ்ஞானக் கல்லூரியின் மாணவர் பத்திரிகையில் அந்த ஏப்ரல், மே, ஜூன் மாதங்களில் ஒரு தொடர்கதை எழுதினார். காலத்தில் பயணம் செய்யும் ஒரு விஞ்ஞானியின் கதை அது. பின்னால் வந்த நாவலுக்கு அதுதான் விதை. அதற்கு முந்திய வருஷம், 1887-ன் முடிவில், ஒரு கிறிஸ்துமஸ் மலரில் ஷெர்லக் ஹோம்ஸ் முதல் தடவையாக அச்சில் தோன்றியிருந்தார். தொடர்கதை முடிந்து இரண்டு மாதம் கழித்து, ஆகஸ்டு 31-ந் தேதி விடியற்காலையில், லண்டனின் கிழக்குப் பகுதியான ஒயிட்சேப்பலில் ஒரு பெண்ணின் பிரேதம் கிடந்தது. துப்பறிவாளர், கால யந்திரம், கண்டுபிடிக்க முடியாத கொலைகாரன் ஆகிய மூன்றும் ஏறக்குறைய ஒரே வருஷத்தில் பிறந்தன. தொண்ணூறு வருஷம் கழித்து மேயர் அவற்றை ஒரு படத்தில் சேர்த்து வைத்தார்.

சினிமாவுக்கும் இதில் பிறப்புரிமை உண்டு. ‘கால யந்திரம்’ புத்தகமாக வெளிவந்தது 1895-ல். அதே வருஷம் டிசம்பர் 28-ந் தேதி பாரிஸில் லூமியேர் சகோதரர்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு சலனப் படம் காட்டினார்கள். இரண்டுக்கும் நடுவில், அக்டோபர் மாதத்தில், ராபர்ட் பால் என்ற லண்டன் கருவி நிபுணர் வெல்ஸின் கதையைப் படித்துவிட்டு ஒரு காப்புரிமை மனு எழுதினார். ஜனங்கள் ஓர் ஆடும் மேடையில் அமர வேண்டியது; முகத்தில் காற்று வீச வேண்டியது; எதிரே திரையில் படங்கள் மாறி மாறி விழ, அவர்கள் காலத்தில் பிரயாணம் செய்வதாக உணர வேண்டியது. அந்த மேடை கட்டப்படவே இல்லை. ஆனால் சினிமாக் கொட்டகை என்பதே ஒரு கால யந்திரம் என்பதை, கொட்டகைகள் வருமுன்பே ஒருவர் கண்டுகொண்டார் என்பது அதிசயந்தானே?

ஒயிட்சேப்பல் வழக்கைப் பற்றி நூற்றுக்கணக்கான புத்தகங்கள் உண்டு. பெரும்பாலானவை ‘யார் அந்தக் கொலைகாரன்?’ என்ற கேள்வியோடு நின்றுவிடும். கொலையுண்டவர்கள் ஐந்து பேர் என்பது பொதுவாக ஏற்கப்படும் கணக்கு. மேரி ஆன் நிக்கல்ஸ், ஆனி சாப்மன், எலிஸபெத் ஸ்ட்ரைடு, காதரின் எடோஸ், மேரி ஜேன் கெல்லி. 2019-ல் ஹாலி ரூபன்ஹோல்டு என்ற சரித்திர ஆசிரியை, கொலைகாரனை ஒதுக்கிவிட்டு இந்த ஐவரின் வாழ்க்கையை மட்டும் ஒரு புத்தகமாக எழுதினார். அப்போதுதான் உலகம் அவர்களை ஏறெடுத்துப் பார்த்தது. ஒருத்தி கோச்சுவண்டிக்காரர் மனைவி. ஒருத்தி ஸ்வீடன் தேசத்துக் குடியானவர் மகள். ஒருத்தி தகரத் தொழிலாளி வீட்டுப் பெண். குடும்பம் குலைந்து, குடி பிடித்து, இரவுக்கு இரவு படுக்கைக்குக் காசு தேடி அலைந்தவர்கள்.

இவர்களில் காதரின் எடோஸின் கடைசி இரவை நினைத்துப் பாருங்கள். செப்டம்பர் 29-ந் தேதி சனிக்கிழமை இரவு, குடித்துவிட்டுத் தெருவில் விழுந்து கிடந்தவளைப் போலீஸார் தூக்கிக்கொண்டு போய் லாக்கப்பில் போட்டார்கள். அங்கே தூங்கினாள். போதை தெளிந்தால் விட்டுவிடுவது அந்த ஸ்டேஷன் வழக்கம். நள்ளிரவு கடந்து, மணி ஒன்றாகும் தறுவாயில் கதவைத் திறந்து விட்டார்கள். வெளியே போகும்போது, இப்போது என்ன மணி என்று கான்ஸ்டபிளைக் கேட்டாள். இனிமேல் உனக்குக் குடிக்கக் கிடைக்காத நேரம் என்று அவர் பதில் சொன்னார். பின்னால் விசாரணையில் அவரே சொன்ன சாட்சியம் இது. ஒன்றே முக்கால் மணிக்கு மைட்டர் சதுக்கத்தின் மூலையில் அவள் பிரேதமாகக் கிடந்தாள்.

முக்கால் மணி நேரம்! அவள் இன்னும் கொஞ்சம் அதிகமாகக் குடித்திருந்தால் பிழைத்திருப்பாள். லாக்கப் சாவியை எடுத்து வரக் கான்ஸ்டபிள் சோம்பியிருந்தால் பிழைத்திருப்பாள். கதை எழுதுகிறவன் இப்படி ஒரு கட்டத்தைக் கற்பனை செய்தால், விமரிசகர்கள் ‘தற்செயல் அதிகம்’ என்று குறை சொல்வார்கள். சரித்திரத்துக்கு விமரிசகர் பயம் இல்லை.

அதே இரவில் இன்னொன்றும் நடந்தது. சுமார் மூன்று மணிக்கு, சற்றுத் தள்ளி கோல்ஸ்டன் தெருவில், ரோந்து போன கான்ஸ்டபிள் ஒருவர் ஒரு துண்டுத் துணியைக் கண்டார். எடோஸின் மேலாடையிலிருந்து அறுத்த துண்டு; ரத்தக் கறையோடு கிடந்தது. அதற்கு மேலே சுவரில் சுண்ணக் கட்டியால் எழுதிய வாசகம். யூதர்களைக் குறிப்பிடும் வாசகம் அது. கொலைகாரன் எழுதியதா, முன்பே யாரோ கிறுக்கியதா என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த வழக்கில் கொலைகாரன் கையெழுத்தாக இருக்கக்கூடிய ஒரு தடயம் நேரே கண்ணுக்கு முன்னால் நின்றது.

லண்டனில் இரண்டு போலீஸ் படைகள் உண்டு. எடோஸ் இறந்த இடம் நகரப் போலீஸின் எல்லை. சுவர் இருந்த தெரு பெருநகரப் போலீஸின் எல்லை. நகரப் போலீஸார், விடியட்டும், போட்டோப் பிடிக்கலாம் என்றார்கள். பெருநகரக் கமிஷனர் சர் சார்லஸ் வாரன் தாமே நேரில் வந்தார். அன்று ஞாயிற்றுக்கிழமை. பக்கத்திலேயே பெரிய சந்தை கூடும். கிழக்கு லண்டனில் ஏழை யூதர்கள் ஆயிரக்கணக்கில் குடியேறியிருந்தார்கள். கொலைகளை அவர்கள் தலையில் கட்டும் பேச்சு ஏற்கனவே கிளம்பியிருந்தது. ஜனங்கள் வாசகத்தைப் படித்தால் கலகம் மூளும், வீடுகள் சூறையாடப்படும் என்று வாரன் அஞ்சினார். மேல் வரியை மட்டும் அழிக்கலாமே என்ற யோசனையும் சொல்லப்பட்டது. அவர் ஒப்பவில்லை. வெளிச்சம் வருவதற்குள் சுவர் துடைக்கப்பட்டது. போலீஸார் காகிதத்தில் எழுதி வைத்த பிரதிகளுங்கூட ஒன்றுக்கொன்று முழுக்க ஒத்துப் போகவில்லை.

வாரனை எல்லோரும் ஏசினார்கள், இன்றும் ஏசுகிறார்கள். நான் ஏசத் தயாராயில்லை. இறந்துபோன ஒருத்திக்கு நியாயம் தேட வேண்டிய தடயம் ஒரு பக்கம். உயிரோடு தூங்கிக் கொண்டிருந்த ஆயிரம் குடும்பங்கள் இன்னொரு பக்கம். தராசைக் கையில் பிடித்துக்கொண்டு இருட்டில் நின்ற மனிதருக்கு மறுநாள் என்ன நடக்கும் என்று காட்ட ஒரு யந்திரமும் இல்லை. ஆனால் போட்டோப் பெட்டி இருந்தது. சுவரை ஒரு துணியால் மூடிக் காவல் போட்டு ஒரு மணி நேரம் காத்திருக்கலாமே என்ற கேள்வி மட்டும் இன்றுவரை மிஞ்சி நிற்கிறது.

சுவரில் எழுத்து போனாலும் தொட்ட பொருளில் விரல் ரேகை இருக்குமே என்று இந்தக் காலத்துச் சிறுவன்கூடக் கேட்பான். 1888-ல் லண்டன் போலீஸுக்கு அந்த வித்தை கிடையாது. அதைச் சொல்லிக் கொடுக்க ஆள் இல்லாமல் அல்ல. ஜப்பானில் வைத்தியம் செய்த ஹென்றி ஃபால்ட்ஸ் என்ற ஸ்காட்லாந்து டாக்டர், 1880-லேயே ‘நேச்சர்’ பத்திரிகையில், குற்றவாளிகளை விரல் ரேகையால் கண்டுபிடிக்கலாம் என்று எழுதினார். தாய்நாடு திரும்பி ஸ்காட்லண்டு யார்டுக்கும் சொல்லிப் பார்த்தார். அவர்கள் காது கொடுக்கவில்லை. படத்தில் வருங்காலத்தைச் சொல்லிக் கெஞ்சும் வெல்ஸை அதிகாரி எப்படிப் பார்க்கிறாரோ, அப்படித்தான் இவரையும் பார்த்திருப்பார்கள்.

அந்த வித்தை லண்டனுக்கு எங்கிருந்து போயிற்று தெரியுமா? கல்கத்தாவிலிருந்து! படிக்காதவனைக் ‘கைநாட்டு’ என்று ஏளனம் செய்கிறோம் அல்லவா? அந்தக் கைநாட்டுத்தான் விஞ்ஞானமாக வளர்ந்தது. 1858-ல் வங்காளத்தில் ஜங்கிப்பூரில் அதிகாரியாயிருந்த வில்லியம் ஹெர்ஷல், ஒரு கான்டிராக்டர் பின்னால் பேச்சு மாறாதிருக்கட்டும் என்று ஒப்பந்தத்தில் அவருடைய முழுக் கையையும் மையில் தோய்த்துப் பதிய வைத்தார். பிறகு வருஷக் கணக்கில் ரேகைகளைச் சேர்த்து, அவை வயதோடு மாறுவதில்லை என்று கண்டார்.

ஆனால் ஆயிரக்கணக்கான ரேகைகளைக் குவித்து வைத்தால் மட்டும் போதுமா? வேண்டியபோது ஒன்றைத் தேடி எடுக்க வேண்டாமா? அந்த வழியைக் கண்டவர்கள் வங்காளப் போலீஸ் தலைவர் எட்வர்டு ஹென்றியின் கீழ் வேலை பார்த்த இரண்டு இந்தியர்கள்: அஜீஸுல் ஹக், ஹேமசந்திர போஸ். நம் பாட்டிமார் குழந்தையின் விரலைப் பார்த்துச் சங்கா, சக்கரமா என்று சொல்வார்களே, ஏறக்குறைய அதே பிரிவினைதான் அடிப்படை. பத்து விரல்களை ஐந்து ஜோடியாக்கினால், ஒவ்வொரு ஜோடிக்கும் நாலு விதம். ஐந்து ஜோடிக்கும் சேர்த்து 1,024 விதம். முப்பத்திரண்டுக்கு முப்பத்திரண்டாக அறைகள் கொண்ட ஒரு பெட்டி. எந்த மனிதனின் ரேகைத் தாள் எந்த அறைக்குள் இருக்கும் என்பதைக் கணக்கே சொல்லிவிடும். 1897-ல் கல்கத்தாவில் ரேகை நிலையம் ஏற்பட்டது. பெருமை ‘ஹென்றி முறை’ என்ற பெயரோடு துரைக்குப் போயிற்று. மற்ற இருவருக்கும் கான் பகதூர், ராவ் பகதூருக்கு ஒப்பான ராய் பகதூர் பட்டங்கள் பிற்பாடு வந்தன.

அந்த முறைக்கு முதல் பெரிய சோதனையும் வங்காளத்திலேயே வந்தது. ஜல்பாய்குரி ஜில்லாத் தேயிலைத் தோட்டத்து மானேஜர் கழுத்தறுபட்டுக் கிடந்தார். பணம் களவு போயிருந்தது. பலர் மேல் சந்தேகம். பெட்டியில் இருந்த ஒரு வங்காளிப் பஞ்சாங்கத்தின் மேலட்டையில் மங்கலாக இரண்டு ரத்தக் கறைகள். அதில் ஒன்று ஒரு கட்டை விரலின் பதிவு. கல்கத்தாப் பெட்டியில் தேடினார்கள். திருட்டுக்காக ஜெயிலுக்குப் போய்வந்த மானேஜரின் பழைய வேலைக்காரன் ஒருவனுடைய விரலோடு அது பொருந்தியது. 1898-ல் தீர்ப்பு. திருட்டுக் குற்றத்துக்குத் தண்டித்தார்கள். கொலைக் குற்றத்திலிருந்து விட்டுவிட்டார்கள். பஞ்சாங்கத்தைத் தொட்டான் என்று ரேகை சொல்லும். கழுத்தை அறுத்தான் என்று சொல்லாது என்ற தயக்கம். அதுவும் நியாயமான தயக்கந்தான். காலத்தைப் பிடித்து வைக்க நாள் நட்சத்திரம் குறிக்கும் பஞ்சாங்கமே அந்த ஒரு கணத்தையும் பிடித்து வைத்துக் கொண்டது!

1901-ல் ஹென்றி துரை லண்டனுக்கு மாற்றலாகி ஸ்காட்லண்டு யார்டில் ரேகை நிலையம் தொடங்கினார். 1905-ல் டெப்ட்ஃபோர்டில் ஒரு வயோதிகக் கடைக்காரரும் மனைவியும் கொல்லப்பட்டார்கள். காலிப் பணப் பெட்டியின் தட்டில் இருந்த கட்டை விரல் பதிவு, பிடிபட்ட சகோதரர் இருவரில் ஒருவனுடையது என்று நிரூபணமாயிற்று. இருவருக்கும் தூக்கு. ஒயிட்சேப்பல் கொலைகள் நடந்து பதினேழு வருஷந்தான் ஆகியிருந்தது.

தடயத்தைக் காப்பது ஒரு விதத்தில் காலத்தை நிறுத்துவதுதான். அது கைநழுவினால் பிறகு எந்தச் சாஸ்திரம் வந்தும் முழுப் பயனில்லை. எடோஸின் சால்வை என்று சொல்லப்படும் ஒரு துணியை வைத்து, 2014-ல், அணுவம்சப் பரிசோதனையால் கொலைகாரனைக் கண்டுவிட்டதாக ஒரு புத்தகம் முழங்கிற்று. அந்தத் துணி அவளுடையதுதான் என்பதற்கு என்ன ருசு, நூற்றிருபது வருஷமும் அது யார் யார் கையில் இருந்தது என்று அறிஞர்கள் கேட்டார்கள். திருப்தியான பதில் கிடைக்கவில்லை.

துப்பறிகிறவர் காலத்தில் பின்னோக்கிப் போகிறவர். ஆனால் அவர் கண்ணாடி ஜன்னலுக்கு இப்பால் நிற்கிறார். உள்ளே எதையும் தொட முடியாது. சரித்திரம் எழுதுகிறவர் நிலையும் அதுவே. சினிமா வந்து அந்தக் கண்ணாடியை உடைக்கிறது. ‘டைம் ஆஃப்டர் டைம்’ படத்தில் வெல்ஸும் ஏமியும் யந்திரத்தில் ஏறி ஒரு சில நாள் முன்னால் போகிறார்கள். அங்கே கிடக்கும் பத்திரிகையில், கொலையுண்டவள் ஏமி என்று செய்தி! அந்த க்ஷணத்திலிருந்து வெல்ஸுக்குக் குற்றவாளியைப் பிடிப்பது இரண்டாம் பட்சமாகிவிடுகிறது. அவளை எப்படியாவது பிழைக்க வைக்க வேண்டும். 2006-ல் வந்த ‘தேஜா வூ’ படத்தில், வெடித்துச் சிதறிய கப்பலைப் பற்றித் துப்பறியும் அதிகாரி, கடந்த நாட்களைப் பார்க்கும் கருவியில் சாட்சியம் மட்டும் தேடத் தொடங்கி, இறந்த பெண்ணைக் காப்பாற்றத் தானே உள்ளே குதிக்கிறான். 2011-ல் வந்த ‘ஸோர்ஸ் கோடு’ படத்தின் கதாநாயகனுக்கு இட்ட கட்டளை, ரயிலில் குண்டு வைத்தவனை அடையாளம் காண்பது மட்டும். அவனோ, பயணிகளைக் காப்பாற்றாமல் விடமாட்டேன் என்கிறான். இந்தப் படங்களை எடுத்தவர்கள் வேறு வேறு ஆட்கள், மனசு ஒன்றுதான். யார் செய்தான் என்று தெரிந்துகொள்வது மனிதனுக்குப் போதவில்லை. நடக்காமல் செய்திருக்க வேண்டும்.

ஏமி பிழைக்கிறாள். ஆனால் அவள் வீட்டில் அவளுக்குப் பதிலாக அவளுடைய சிநேகிதி மடிந்து போகிறாள். பத்திரிகைக்காரர்கள் ஆளை மாற்றிப் போட்டுவிட்டார்கள் என்று படம் சமாதானம் சொல்கிறது. ஒருத்தியைப் பிழைக்க வைத்த சந்தோஷத்தில் மற்றொருத்திக்காக அழ யாருக்கும் நேரமில்லை. ஒயிட்சேப்பலிலும் அப்படித்தான் நடந்தது. கொலைகாரன் புகழ் பெற்றான். அவனுக்கு ஒரு செல்லப் பெயரும் கிடைத்தது. செத்தவர்களைப் பற்றி எழுத நூற்று முப்பத்தோரு வருஷம் ஆயிற்று.

கதை எழுதுகிற எங்களுக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. கொலைகாரனைச் சாமர்த்தியசாலியாக்குவது எங்களுக்குச் சுலபம். வாசகர்களுக்கும் அது ருசிக்கும். ஆனால் எனக்கு ஒரே ஒரு தடவை பிரயாணம் செய்ய அந்த யந்திரம் கிடைத்தால், அவன் முகத்தைப் பார்க்க மைட்டர் சதுக்கத்துக்குப் போக மாட்டேன். இரவு ஒரு மணிக்குச் சற்று முன்னால் அந்தப் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் இறங்குவேன். மணி என்ன என்று அவள் கேட்கும்போது, விடிய இன்னும் வெகு நேரம் இருக்கிறது, உள்ளே போய்த் தூங்கு தாயே என்று சொல்வேன்.